நடக்க முடிகிறது, எழத்தான் முடியவில்லை

கேள்வி: எனக்கு வயது 63, மன்னார்குடிப் பக்கம் விவசாயம். பத்து ஆண்டுகளாக ஹரித்ராநதித் தெப்பக்குளத்தைச் சுற்றித் தினமும் ஒரு மணி நேரம் நடக்கிறேன். சர்க்கரை மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது, மூச்சு வாங்குவதில்லை. ஆனால், பந்தியில் உட்கார்ந்தால் கையூன்றாமல் எழ முடியவில்லை. யூரியா மூட்டையைத் தூக்கவும் ஆள் தேடுகிறேன். மகன் ஜிம்மில் சேரச் சொல்கிறான். இந்த வயதில் எடை தூக்கினால் இதயத்துக்குக் கெடுதலா? நடந்து சேர்த்த பலன் போய்விடுமா?

பதில்: ஐயா, நடை எவற்றைக் காக்குமோ அவற்றை உங்களுக்குக் காத்துக் கொடுத்திருக்கிறது: இதயம், மூச்சு, சர்க்கரை. தரையிலிருந்து எழுவது வேறு வேலை. தசையில் நெடுநேரம் சோராமல் உழைக்கும் மெதுவான இழைகளும், சட்டென்று பலம் தரும் விரைவான இழைகளும் உண்டு. வயது ஏறும்போது அதிகம் மெலிபவை விரைவான இழைகளே. சமதளத்தில் நிதானமாக நடக்கையில் அவற்றுக்கு ஏறக்குறைய வேலையே இல்லாததால், குளத்தை இன்னும் இரண்டு சுற்று கூடுதலாகச் சுற்றினாலும் இந்தக் குறை தீராது.

அண்டை வெட்டி, நாற்றுமுடி சுமந்து, களத்தில் மூட்டை தூக்கிய காலத்தில், சோராமல் உழைக்கும் தாங்குதிறனுக்கும் பலத்துக்குமான இரண்டு பயிற்சியையும் வயலே கொடுத்தது. இன்று நடவும் அறுவடையும் இயந்திரத்துக்குப் போய்விட்டன. அதில் எனக்கு வருத்தமில்லை. அந்த உழைப்பு எத்தனையோ பேருடைய முதுகையும் முழங்காலையும் தின்றிருக்கிறது. விட்டுப்போன பாரத்தை இனி நாமே அளவோடு உடம்புக்குக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

பலன் போய்விடுமா என்ற ஐயத்துக்கு 1980இல் உடற்பயிற்சி ஆய்வாளர் ராபர்ட் ஹிக்சன் வெளியிட்ட ஆய்வு நேரடியாகப் பதில் தருகிறது. பத்து வாரம் இரண்டு பயிற்சிகளையும் கடுமையாகச் சேர்த்துச் செய்தவர்களுக்கு, தாங்குதிறன் மட்டும் வளர்த்தவர்களுக்கு இணையாகவே அது கூடியது. குறைந்தது பலத்தின் வளர்ச்சிதான், அதுவும் ஏழாவது வாரத்துக்குப் பிறகு. ஆகவே எடை தூக்குவது உங்கள் நடையைக் கெடுக்காது. ஒரு மணி நேர நடையும் வாரம் இரண்டு நாள் பயிற்சியும் ஒன்றையொன்று பாதிக்கும் அளவுக்குக் கடுமையானவை அல்ல.

வயதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். 1990இல் வெளியான பாஸ்டன் ஆய்வொன்றில், முதியோர் இல்லத்தில் இருந்த தொண்ணூறு வயதையொட்டியவர்களுக்கு எட்டு வாரம் காலுக்கு எடைப்பயிற்சி அளித்தபோது, பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொடைத் தசையின் பரப்போ 9 சதவீத அளவே கூடியது. இருக்கிற தசையை முழுதாக இயக்க நரம்புகள் முதலில் கற்றுக்கொள்கின்றன என்பதே இதன் பொருள். கண்ணாடியில் மாற்றம் தெரியவில்லையே என்று விட்டுவிடாதீர்கள்.

ஜிம் அவசியமில்லை. திண்ணையில் உட்கார்ந்து கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, வேகமாக எழுந்து மெதுவாக அமருங்கள். பத்து முறை, இடைவெளி விட்டு மூன்று தடவை. எளிதானால் உயரம் குறைந்த முக்காலிக்கு மாறுங்கள், பிறகு ஐந்து கிலோ அரிசிப் பையை மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள். கடைசி இரண்டு முறை சிரமமாக இல்லையென்றால் பாரம் போதவில்லை. சுவரில் கையூன்றிச் செய்யும் தண்டாலையும் சேர்த்துக்கொள்ளலாம். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் வாரம் 150 நிமிடம் நடை போன்ற மிதமான உடற்பயிற்சியோடு குறைந்தது இரண்டு நாள் தசைப்பயிற்சியைக் கேட்கிறது.

இதயத்துக்குக் கெடுதல் எடையால் வருவதைவிட, மூச்சை அடக்கிக்கொண்டு முக்குவதால் வருவதே அதிகம். அப்போது இரத்த அழுத்தம் திடீரென்று எகிறும். எழும்போது மூச்சை விடுங்கள். நெஞ்சுவலியோ குடலிறக்கமோ இருந்தால் மருத்துவரைப் பார்க்காமல் தொடங்க வேண்டாம். சர்க்கரை உள்ளவர் என்பதால் விழித்திரையையும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். மாத்திரையின் அளவை மாற்ற வேண்டுமா என்றும் கேளுங்கள். நம் ஊர்ப் பக்கம் சாப்பாட்டு இலையில் சோறு மலையாகவும் பருப்பு பெயருக்கும் இருக்கும். சிறுநீரகக் கோளாறு இல்லையென்றால் முட்டை, மீன், பயறு, தயிர் ஆகியவற்றைக் கூட்டுங்கள்.

நாளைக் காலை நடைக்கு முன், கைப்பிடியில்லாத நாற்காலியிலிருந்து கையூன்றாமல் முப்பது நொடியில் எத்தனை முறை எழ முடிகிறதென்று எண்ணி நாட்காட்டியில் குறித்துவையுங்கள். உங்கள் வயது ஆணுக்கு 14க்குக் கீழே என்றால் குறைவு. எட்டு வாரம் கழித்து மீண்டும் எண்ணி, இரண்டு எண்களையும் எனக்கு எழுதுங்கள்.