பாம்பு பிடிக்கத் தெரியுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற வாரம் ஒரு கண்காட்சியில், மத்திய இந்தியாவின் கோண்டுப் பழங்குடியினர் வரையும் ஓவியங்களைப் பார்த்தேன். மனம் நிறைந்தது. ஆனால் அவற்றை வரைந்தவர் ஜீன்ஸ் அணிந்து, கைபேசியில் பணம் பெற்றுக்கொண்டிருந்தார். வண்ணங்களும் கடையில் வாங்கிய அக்ரிலிக். ஆயிரமாண்டுக் கலை ஒன்று சந்தையில் தன் தூய்மையை இழக்கிறதே என்று வருந்தினேன். உண்மையான பழங்குடிகளை அவர்களுடைய காட்டிலேயே விட்டுவைப்பதுதானே நல்லது? ஒரு பழங்குடிப் பெண்மணி குடியரசுத் தலைவராகவே ஆகிவிட்ட பிறகு, அரசியலில் அவர்களுக்கு என்ன குறை?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

படங்களின் முன் நின்றதோடு விட்டுவிடாமல், வீடு திரும்பிய பிறகும் அவற்றைப் பற்றி யோசித்திருக்கிறீர்கள். அந்த அக்கறைக்கு என் அன்பு. ஆனால் ‘உண்மையான பழங்குடி’ என்ற உங்கள் எண்ணத்தை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. சில காலமாக என்னை அலைக்கழித்துவருவதும் அதுதான்.

அரசியல் பற்றிய கேள்வியில் அதிக நேரம் செலவிட விரும்பவில்லை. தமிழ்நாட்டின் 234 சட்டமன்றத் தொகுதிகளில் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டவை ஏற்காடும் சேந்தமங்கலமும் மட்டுமே. பழங்குடிப் பகுதிகளுக்குத் தனிப் பாதுகாப்புத் தரும் அரசமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதி என்று இங்கே ஓரடி நிலமும் இல்லை. ஒருவர் ராஷ்டிரபதி பவனில் இருப்பது இதை மாற்றிவிடாது.

கலைக்கு வருகிறேன். நீங்கள் ஆயிரமாண்டுப் பழமை என்று எண்ணிய அந்தப் பாணி, காகிதத்திலும் கேன்வாஸிலும் உருப்பெற்றது 1980களில்தான். போபாலில் பாரத் பவன் என்ற கலை மையத்துக்காகக் கலைப்படைப்புகளைத் தேடிய ஓவியர் ஜெ. சுவாமிநாதனின் குழுவினர், ஜங்கர் சிங் ஷ்யாம் என்ற, கோண்டுகளில் பாணர் மரபான பர்தான் பிரிவைச் சேர்ந்த இளைஞரின் சுவரோவியத்தைக் கண்டு அவரை நகரத்துக்கு அழைத்துவந்தார்கள். தம் முன்னோர் பாணா வாத்தியத்தை மீட்டிப் பாடிய தெய்வங்களுக்கு, புள்ளிகளாலும் கோடுகளாலும் அவர் கடைச்சாயத்தில் உருவம் கொடுத்தார். அவரைப் பின்பற்றியே இன்று இத்தனை பேர் வரைகிறார்கள். அக்ரிலிக் அந்தக் கலையைக் கெடுக்க வந்த பொருள் அல்ல. அந்தக் கலை பிறந்ததே கடைச்சாயத்தில்தான்.

நீங்கள் கண்காட்சியில் தேடிய அந்தத் தூய்மையை ஒரு வருவாய்த்துறை அலுவலகத்திலும் தேடியதை நான் பார்த்திருக்கிறேன். பழங்குடியினருக்கான சாதிச் சான்றிதழைத் தாசில்தார் வழங்க முடியாது. கோட்டாட்சியர்தான் விசாரித்து வழங்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஓர் இருளர் பையன் தன் தாயோடு அங்கே காத்திருந்தான். நன்றாக இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. கையில் பிளாஸ்டிக் உறையிட்ட மதிப்பெண் பட்டியல். பெற்றோர் இருவருக்கும் செங்கல் சூளையில் வேலை. விசாரித்த அலுவலர் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “பாம்பு பிடிக்கத் தெரியுமா?” என்று கேட்டார். தெரியாது என்றான். “அப்புறம் நீ எப்படி இருளன்?” என்றார். அந்தத் தாய் முன்னால் வந்து, தன் தகப்பனார் எலி வளை தோண்டிய கதையைச் சொல்லத் தொடங்கினார். பையன் தலையைக் குனிந்துகொண்டான்.

இதில் உள்ள கொடுமையை யோசித்துப் பாருங்கள். இருளர்கள் பாம்பு பிடித்துப் பிழைத்த பாம்புத்தோல் வணிகம் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தாலும் அதையொட்டிய தடைகளாலும் நின்றுபோனது. 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் அவர்கள் அரசின் உரிமம் பெற்றுப் பாம்புகளை மண்பானைகளில் வைத்துப் பராமரித்து, நஞ்சு எடுத்தபின் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அந்த உரிமம் இல்லாத ஒரு பையன் பாம்பைப் பிடித்தால் அது குற்றம். அரசு எதைத் தண்டிக்கிறதோ அதையே அடையாளமாகக் காட்டச் சொல்லி, அரசின் அலுவலர் ஒருவரே கேட்கிறார். ஒரு சமூகத்தைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்க 1965இல் லோகூர் குழு வகுத்த அளவுகோல்களில், வெளியாரோடு பழகக் கூச்சப்படுவதும் ஒன்று. இப்படிப்பட்ட பண்பாட்டுச் சோதனையை மட்டும் வைத்துத் தனிமனிதர் ஒருவரின் கோரிக்கையை முடிவுசெய்யக்கூடாது என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இருந்தும் கூச்சப்படாமல் நிமிர்ந்து பதில் சொல்லும் பிள்ளையைக் கண்டால் சந்தேகப்படும் பழக்கம் நம் மேசைகளை விட்டு இன்னும் போகவில்லை. ஜீன்ஸைப் பார்த்து ஏமாற்றமடைந்த உங்கள் கண்ணும் அந்த அலுவலரின் கண்ணும் ஒன்றுதான், எஸ்.; உங்களை வருத்தப்படுத்தினாலும் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

காட்டிலேயே விட்டுவைக்க வேண்டும் என்கிறீர்கள். யார் விட்டுவைத்தார்கள்? தர்மபுரி மாவட்டம் வாச்சாத்தி மக்கள் 1992இல் தம் ஊரில்தான் இருந்தார்கள். சந்தனக்கட்டை தேடி அங்கே புகுந்து அவர்களைக் கொடுமைப்படுத்திய அரசு ஊழியர்களில், வழக்கு முடியும்வரை உயிரோடிருந்த 215 பேரும் 2011இல் குற்றவாளிகள் என்று தீர்ப்பளிக்கப்பட்டார்கள். காட்டில் இருப்பது மட்டும் அந்த மக்களைக் காக்கவில்லை. ஒடிசாவின் நியாம்கிரி மலையைக் காத்தது வேறொன்று: 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் கிராம சபைக்கு அளித்த அதிகாரம். 2013இல் டோங்கிரியா கோந்த் பழங்குடி மக்களின் பன்னிரண்டு கிராம சபைகள், அதிகாரிகள் முன்னிலையில் கூடி, பாக்ஸைட் சுரங்கம் வேண்டாம் என்று ஒருமுகமாகத் தீர்மானித்தன. அன்று யாரும் அவர்கள் என்ன உடுத்தியிருந்தார்கள் என்று பார்த்து வாக்கை எண்ணவில்லை.

கண்காட்சி இன்னும் நடந்துகொண்டிருந்தால் மறுபடி ஒருமுறை போங்கள். அந்த ஓவியரிடம் எந்தக் கதையை வரைந்தார் என்று கேளுங்கள். படம் பிடித்திருந்தால், பேரம் பேசாமல், கைபேசியிலேயே பணத்தை அனுப்பி வாங்குங்கள். படத்தில் அவர் பெயர் இல்லையென்றால் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள்.