மூத்தவளை ஊருக்கு அனுப்பி வைக்கவா?

நர்சம்மாவிடம் கேளுங்கள்

கேள்வி: நர்சம்மாவுக்கு வணக்கம். எனக்கு 29 வயது. சங்கரன்கோவிலில் இருக்கிறோம். வீட்டுக்காரர் விசைத்தறி போட்டிருக்கிறார், நான் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறேன். இரண்டாவது குழந்தைக்கு இப்போது ஏழாம் மாதம். மூத்தவளுக்கு நாலு வயது, எல்.கே.ஜி. போகிறாள். தறி ஓடாத ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மூன்று பேரும் மொட்டைமாடியில் பாயை விரித்து, பனங்கிழங்கை உரித்துத் தின்றபடி கதை பேசிக் கிடப்போம். கல்யாணமாகி ஆறு வருடத்தில் இவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. ஆனால் என் அத்தை, "வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு ஓய்வு வேண்டாமா? மூத்தவளை ராஜபாளையத்தில் உன் அம்மா வீட்டில் விடு, பிரசவம் முடிந்து கூட்டிக்கொள்ளலாம்" என்கிறார். ராத்திரி அவள் என்னைக் கட்டிக்கொண்டுதான் தூங்குவாள், காலைத் தூக்கி வயிற்றில் போடுவாள். அது வேறு பயமாக இருக்கிறது. போதாததற்கு என் வளைகாப்பு ஆல்பத்தைப் பார்த்துவிட்டு, "இந்தப் பாப்பாவுக்கு எப்ப வளையல்?" என்று நச்சரிக்கிறாள். எங்களில் இரண்டாவதுக்கு அந்த வழக்கம் இல்லை. என்ன செய்யட்டும்?

பதில்: அனுப்பாதே. உன்னை 'நீ' என்றே எழுதுகிறேன், என் சின்னவளைவிட நீ இளையவள்.

1991இல் அந்தச் சின்னவள் என் வயிற்றில் இருந்தாள். அம்பாசமுத்திரம் பக்கம் துணை சுகாதார நிலையத்தில் வேலை. தடுப்பூசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக நடப்பேன். ஆளாளுக்குச் சொன்னார்களே என்று மூத்தவளை என் அம்மாவிடம் கொண்டுபோய் விட்டேன். அவளுக்கும் அப்போது நாலு வயதுதான். மூன்று மாதம் கழித்து, சின்னவள் பிறந்த பதினாறாம் நாள், அம்மா அவளைக் கூட்டி வந்தார். வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். செருப்பைக் கழற்றவில்லை. நான் கட்டிலில் இருந்தபடி கையை நீட்டுகிறேன், அவள் என் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "ஆச்சி, நம்ம வீட்டுக்கு எப்பப் போவோம்?" என்கிறாள். ஊரில் அத்தனை தாய்மாருக்குப் புத்தி சொன்ன நர்சம்மா அன்றைக்குப் பால் கொடுத்துக்கொண்டே அழுதேன். பழையபடி அவள் என் மடியில் வந்து படுக்க ஆறு மாதம் ஆயிற்று.

உன் அத்தை கெட்டதற்குச் சொல்லவில்லை, ஓய்வு தேவைதான். மதியம் இரண்டு மணி நேரம் பேத்தியை அவரே வைத்துக்கொள்ளட்டும். நீ மிஷினை மூடிவிட்டுப் படு. உதிரப்போக்கு, ரத்தக் கொதிப்பு, நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருப்பது மாதிரி ஏதாவது இருந்து டாக்டர் படுக்கச் சொல்லியிருந்தால் கதை வேறு. அப்போதும் அவள் அதே வீட்டில் இருக்கலாம்.

தூக்கத்தில் பிள்ளை கால் போடுவதற்குப் பயப்படாதே. உள்ளே இருப்பது பனிக்குடத் தண்ணீரில் மிதக்கிறது, அந்தக் கால் அதை ஒன்றும் செய்யாது. நீ இடது பக்கம் ஒருக்களித்துப் படு, அவளை முதுகுப் பக்கம் போட்டு நடுவில் ஒரு தலையணை வை. வயிற்றில் பலமாக அடிபட்டாலோ, நீ விழுந்தாலோ மட்டும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடு. தூக்கச் சொல்லி அடம்பிடித்தால் நீ உட்கார்ந்துகொள், அவளே மடியில் ஏறட்டும்.

வளையலுக்கு வருவோம். ஊரைக் கூட்ட வழக்கம் இல்லையென்றால் வேண்டாம். ஒரு டஜன் கண்ணாடி வளையல் வாங்கி வா, அவள் கையாலேயே உனக்குப் போட்டுவிடட்டும். புளியோதரையும் தயிர்ச்சாதமும் கிளறி மொட்டைமாடிக்குத் தூக்கிப் போங்கள். அவளுக்கும் சின்னச் சைஸில் அரை டஜன் வாங்க மறந்துவிடாதே, அதில்தான் சண்டை வரும். ஏழாம் மாதத்தில் உள்ளே இருப்பதற்குக் காது கேட்கும். வளையல் சத்தமும் கேட்கும், இவள் போடும் கூச்சலும் கேட்கும்.

இனி, நர்ஸாக ஒன்றிரண்டு. இரண்டாவது பிரசவம் பெரும்பாலும் சீக்கிரம் முடியும். முதலாவதற்கு ஒரு பகல் ஒரு ராத்திரி வலித்தவர்கள்கூட இரண்டாவதுக்குப் பாதி நேரத்தில் பெற்றிருக்கிறார்கள், பார்த்திருக்கிறேன். ஆகவே எட்டாம் மாதமே பையைக் கட்டி வை. நடுராத்திரி 108க்குப் போன் போட்டால் மூத்தவளிடம் யார் இருப்பது என்பதை இப்போதே பேசி முடிவு செய்யுங்கள். அத்தைதான் என்றால் இந்த வாரத்திலிருந்தே வாரம் ஒரு ராத்திரி அவரோடு படுத்துப் பழகட்டும். "அம்மா ஆஸ்பத்திரிக்குப் போய் ரெண்டு மூணு நாளில் வந்துடுவேன்" என்று அவளிடமே சொல்லிவிடு. தூங்கும்போது நழுவிப் போகாதே.

அப்புறம், உன் அட்டையை எடுத்துப் பார். போன கர்ப்பத்தில் ஊசி போட்டு மூன்று வருடத்துக்குள் அடுத்தது என்றால் ரணஜன்னியும் தொண்டை அடைப்பானும் வராமல் தடுக்கிற டிடி ஊசி ஒன்றே போதும். உனக்கு அதைவிட இடைவெளி, இரண்டு போட்டிருக்க வேண்டும். விட்டுப்போயிருந்தால் இந்தப் புதன்கிழமையே போய்ப் போட்டுக்கொள். அரசின் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி, ஊட்டச்சத்துப் பெட்டகத்தையும் சேர்த்து ரூ.18,000, இரண்டாவது பிரசவத்துக்கும் உண்டு, பதிந்தாயிற்றா என்று உங்கள் செவிலியரிடம் கேள். அந்தப் பெட்டகத்தில் வரும் பேரீச்சம்பழத்தில் மூத்தவளுக்கும் தினம் இரண்டு கொடு. கொடுக்காவிட்டாலும் எடுக்கத்தான் போகிறாள்.

வீட்டில் பல்லாங்குழி கிடந்தால் தூசி தட்டி எடு. புளியங்கொட்டையை எண்ணிப் போடுவதில் எல்.கே.ஜி. கணக்கும் ஆயிற்று, உனக்கு உட்கார்ந்த விளையாட்டும் ஆயிற்று. ஒரு குழியில் நாலு சேர்ந்தால் "பசு!" என்று கத்தி அள்ளிக்கொள்வாள். வேண்டுமென்றே தோற்காதே, நாலு வயதுக்கு அது புரிந்துவிடும்.