பள்ளியில் புதிதாகக் கால்பந்து அணி: முதல் வருடம் என்ன செய்யலாம்?

கேள்வி: சென்னை கொளத்தூர் பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். இதுவரை எங்களுக்குக் கபடியும் தடகளமும்தான். இந்த வருடம் கால்பந்து அணி தொடங்கச் சொல்கிறார் தலைமையாசிரியர். மைதானம் சிறியது, பந்து இரண்டுதான் இருக்கிறது. பக்கத்துப் பள்ளிகளோடு ஆடுகிற குறுவட்டப் போட்டிக்குள் அணியைத் தயார் செய்ய முடியுமா?

பதில்: 14 வயதுப் பிரிவில் மட்டும் பெயர் கொடுங்கள். 17 வயதுப் பிரிவை இந்த வருடம் விட்டுவிடுங்கள். பத்தாம் வகுப்புப் பையன் பொதுத்தேர்வு எழுதிவிட்டுப் பள்ளியை விட்டே போய்விடுவான். ஆறாம் வகுப்புப் பிள்ளை இன்னும் நான்கு, ஐந்து வருடம் உங்கள் கையில் இருக்கும். உங்கள் அணி அங்கேதான் இருக்கிறது.

முதல் நாளே தேர்வு வைத்துப் பதினெட்டுப் பேரை எடுத்துக்கொண்டு மற்றவர்களைத் திருப்பி அனுப்பாதீர்கள். ஆணோ பெண்ணோ, ஆசையோடு வருகிற எல்லோரும் இருக்கட்டும். இன்றைக்குக் குள்ளமாக, மெதுவாக ஓடுகிற பிள்ளை இரண்டு வருடத்தில் எப்படி வளரும் என்று நம்மால் சொல்ல முடியாது.

அப்புறம் பந்து. ஒரு பள்ளியில் நாற்பது பேருக்கு ஒரே பந்தைப் போட்டு விளையாடவிட்டதை ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன். ஓரத்தில் நின்ற ஒரு பையனை மட்டும் கவனித்தேன். அரை மணி நேரத்தில் பந்து அவன் காலுக்கு வந்தது மூன்றே முறை. மூன்றாவது முறை வந்தபோது பதறிப்போய் வெளியே உதைத்துவிட்டான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பழகினால்தானே பதற்றம் போகும்?

அதனால் கையில் இருக்கிற பணத்தை ஜெர்சிக்குச் செலவழிக்காதீர்கள். பெரியமேட்டில், நேரு ஸ்டேடியம் பக்கத்துக் கடைகளில் விலை கேட்டு, முடிந்த அளவு பந்து வாங்குங்கள். பன்னிரண்டு வயது வரைக்கும் 4-ஆம் நம்பர், அதற்கு மேல் 5-ஆம் நம்பர். ஸ்டட்ஸ் (அடியில் குமிழ் வைத்த கால்பந்து ஷூ) இப்போது வேண்டாம், கேன்வாஸ் ஷூ போதும். ஆனால் போட்டிக்குப் போகும்போது முன்னங்காலைக் காக்கிற ஷின் கார்டு கட்டாயம்.

மைதானம் சிறியது என்பதை நான் குறையாகவே நினைக்கவில்லை. கோன் வைத்து நான்கு கட்டமாகப் பிரித்து, கட்டத்துக்கு நாலு பேருக்கு நாலு பேர் ஆடவிடுங்கள். ஒவ்வொருவர் காலுக்கும் பந்து திரும்பத் திரும்ப வரும். பாஸ் கொடுப்பது, ஆள் இல்லாத இடம் தேடி ஓடுவது எல்லாம் ஆடும்போதே பிடிபடும். மைதானத்தைச் சுற்றிப் பத்து ரவுண்டு ஓடவிட்டுக் களைப்பாக்குவதைவிட இது எவ்வளவோ மேல். தொடக்கத்தில் இருபது நிமிடம் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் '11 பிளஸ்' வார்ம்-அப் பயிற்சியைச் செய்யவையுங்கள். முழங்கால், கணுக்கால் காயங்களைக் குறைக்கவென்றே உருவாக்கியது அது.

முதல் சில மாதங்களுக்கு யாருக்கும் ஆடும் இடத்தை நிரந்தரமாக்க வேண்டாம். குண்டாக இருக்கிற பையனைக் கோலியாக (கோல்கீப்பராக) நிறுத்துகிற பழக்கம் நம்மிடம் உண்டு. அது அந்தப் பிள்ளைக்குச் செய்கிற அநியாயம். எல்லோரும் முறை வைத்துக் கோலியாக நிற்கட்டும்.

நீங்கள் கபடிக்காரர் என்றால் தயங்காமல் துணை தேடுங்கள். வியாசர்பாடி உங்களுக்கு எட்டும் தூரம்தான். 'சென்னையின் எஃப்.சி.' கிளப்புக்கும் இந்திய அணிக்கும் ஆடிய தனபால் கணேஷ் அங்கே வளர்ந்தவர். விளையாடி முடித்த அண்ணன்மார்கள் அந்தப் பகுதியில் நிறையப் பேர் உண்டு. வாரம் இரண்டு நாள் ஒருவர் வந்தாலே பெரிய உதவி. யார் வந்தாலும் பிள்ளைகளோடு நீங்களும் மைதானத்திலேயே இருங்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை விடாமல் பயிற்சி கொடுங்கள். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் மைதானம் சேறாகிவிடும். வெயில் நாட்களில் காலை ஆறரைக்குத் தொடங்கி எட்டுக்குள் முடித்துவிடுங்கள், இடையிடையே தண்ணீர் குடிக்கவையுங்கள். தேர்வுக்கு ஒரு வாரம் முன்பே பயிற்சியை நிறுத்திவிடுவோம் என்று பெற்றோரைக் கூப்பிட்டு இப்போதே சொல்லிவிடுங்கள். அவர்களுடைய பயமெல்லாம் மார்க்கைப் பற்றித்தான்.

கோல் போஸ்ட் விஷயத்தில் மட்டும் அலட்சியம் வேண்டாம். தூக்கி வைக்கிற இரும்பு போஸ்ட் என்றால் தரையோடு இறுக்கிக் கட்டாமல் ஒரு நாளும் விடாதீர்கள். பிள்ளைகள் குறுக்குக் கம்பியில் தொங்குவார்கள், அது அப்படியே முன்பக்கம் சாய்ந்துவிடும். உயிர்போன சம்பவங்கள் உண்டு. கட்ட வழியில்லை என்றால் இரண்டு கோன் போதும்.

பிறப்புச் சான்றிதழ் நகலையும் பெற்றோர் சம்மதக் கடிதத்தையும் இந்த வாரமே வாங்கி ஒரு ஃபைலில் போட்டுவிடுங்கள். வயதுச் சான்று சரியில்லாமல், போட்டியன்று காலையில் ஒரு பிள்ளையைத் திருப்பி அனுப்பவேண்டிய நிலை உங்களுக்கு வரக்கூடாது.