விலைக்கு எழுதும் கை

(ஜப்பானின் அன்றைய தலைநகரான கியோட்டோவின் அரசவைப் பிரபு ஒருவர் 1505ஆம் ஆண்டில் எழுதியதாகக் கொள்ளப்பட்ட கற்பனைக் கடிதமும் அதற்கான மறுமொழியும்.)

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

எனக்கு 46 வயதாகிறது. தலைமுறைகளாக அரசவையில் பணியாற்றிவரும் குடும்பம் எங்களுடையது. 1467இல் ஓனின் போர் மூண்டபோது நான் எட்டு வயதுச் சிறுவன். அந்தப் பத்தாண்டுப் போரில் தலைநகரின் பெரும்பகுதியோடு எங்கள் மாளிகையும், அரசவைச் சடங்குகளை எவ்வாறு நடத்த வேண்டும் என்று முன்னோர் பதிந்து வைத்திருந்த நாட்குறிப்புகளும் எரிந்துபோயின. எங்கள் பண்ணைநிலங்களின் வருவாயை இப்போது உள்ளூர்ப் போர்வீரர்களே எடுத்துக்கொள்கிறார்கள். அரண்மனையின் நிலையும் இதுதான்: 1500இல் மறைந்த பேரரசரின் உடல், இறுதிச்சடங்கிற்குப் பணமின்றி நாற்பது நாட்களுக்கு மேல் காத்திருந்தது, புதியவருக்கு இன்னும் முடிசூட்டு விழா நடக்கவில்லை.

'கெஞ்சியின் கதை' என்னும் பழம்பெரும் புதினத்தையும் பழைய கவிதைத் தொகுப்புகளையும் படியெடுத்து, மாகாணப் போர்த்தலைவர்களுக்குக் கொடுத்துத்தான் குடும்பம் நடத்துகிறேன். அன்பளிப்பு என்ற பெயரில் வருவது கூலி என்பதை நான் அறிவேன். விழாவுடை நைந்துவிட்டதால், அழைப்பு வரும்போதெல்லாம் உடல்நலமில்லை என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன். விடியுமுன்பே விழிப்பு வந்து, மனம் கூசிப்போகிறது. மேற்கே யாமகுச்சியில் உள்ள ஓஉச்சி என்னும் போர்த்தலைவர் குலத்தார் தம்மிடம் வந்து தங்குமாறு அழைக்கிறார்கள். போனால் நான் ஓடிப்போனவன் ஆகிவிடுவேனா?

ஐயா அவர்களுக்கு,

படியெடுத்து விற்பதுதான் உங்களைக் கூச வைக்கிறது என்று நீங்கள் நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பழைய நூல்களைப் பிழையறப் படியெடுப்பது உங்கள் வட்டத்தில் என்றுமே இழிதொழிலாக இருந்ததில்லை. பெருமதிப்புடைய அரசவை அறிஞர் சன்ஜோனிஷி சனெடாகாவே மாகாணத்தாருக்கு அவ்வாறு எழுதிக் கொடுக்கிறார்.

உங்கள் உறக்கத்தைக் கெடுப்பது அந்தப் பொய் நோய்தான் என்று கருதுகிறேன். ஒவ்வொரு முறையும் நோயைக் காரணம் காட்டும்போது, உங்களுக்குத் துணையாகக்கூடியவர்களை நீங்களே விலக்கிவிட்டு, பிறகு தனியே அமர்ந்து, அவர்கள் உங்களை இகழ்வதாக எண்ணி வருந்துகிறீர்கள். அவர்களிலும் சிலர் இரவல் உடையில்தான் வருகிறார்கள் என்பது, போகாமலே இருப்பதால் உங்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. அடுத்த அழைப்பு வரும்போது, நம்பிக்கைக்குரிய ஒருவரிடமாவது உண்மையைச் சொல்லி உடை கேளுங்கள். கேட்பது கடினம்தான், மறுக்கவில்லை.

எரிந்துபோன நாட்குறிப்புகளைப் பற்றி ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். ஒரு குடும்பத்தின் தகுதியே அவற்றில்தான் இருந்தது என்னும்போது, எட்டு வயதில் நேர்ந்த அந்த இழப்புக்காக நீங்கள் என்றைக்காவது மனம்விட்டு அழுததுண்டா? இப்போது நீங்கள் எழுதும் நாட்குறிப்பில் யார் எங்கே அமர்ந்தார், என்ன நிறம் உடுத்தினார் என்பவற்றோடு, விடியுமுன் உங்கள் மனத்தில் ஓடியதையும் சில வரிகள் எழுதி வாருங்கள். அது வருங்காலச் சடங்கு எதற்கும் பயன்பட வேண்டியதில்லை.

தலைநகரை விட்டுச் செல்வது இழுக்கல்ல. கம்பாக்கு என்னும் உச்சப் பதவியை வகித்த குஜோ மசமோட்டோவே 1501இல் இசுமி மாகாணத்திலுள்ள தம் ஹினெ பண்ணைக்குச் சென்று, 1504 வரை அங்கேயே தங்கி அதன் நிர்வாகத்தைக் கவனித்தார். ஆனால் வருவாய் தேடிப் போவது வேறு. அழைப்புகளுக்கு அஞ்சிப் போவது வேறு. ஆகவே ஓரிரு விழாக்களில் கலந்துகொண்ட பிறகும் போகும் எண்ணம் நீடித்தால், எவ்வளவு காலம் தங்குவது என்பதைக் குடும்பத்தோடு பேசி முடிவுசெய்துகொண்டு புறப்படுங்கள். யாமகுச்சிக்கு இப்போது மறுப்பு எழுத வேண்டாம். புறப்படத் தாமதமாகும் என்று மட்டும் தெரிவித்தால் போதும்.