வலைப்பூவை எங்கே தொடங்குவது? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஆறு வருடமாக முகநூலில் எழுதிக்கொண்டிருக்கிறேன். தனியாக ஒரு வலைப்பூ தொடங்கு என்று நண்பர்கள் சொல்கிறார்கள், ஆனால் ஒருவர் பிளாக்கர் என்கிறார், இன்னொருவர் வேர்ட்பிரஸ் என்கிறார், மூன்றாமவர் சப்ஸ்டாக்தான் இனிமேல் என்கிறார். எதில்தான் எழுதுவது?

பதில்: தளத்தைத் தேர்ந்தெடுக்கும்போது எல்லோரும் உள்ளே போகும் வாசலைத்தான் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது வெளியே வரும் வாசலை. நாளைக்கு அங்கிருந்து கிளம்ப வேண்டி வந்தால் கட்டுரைகள், படங்கள், வாசகர்களின் மின்னஞ்சல் முகவரிகள், பழைய சுட்டிகள் இவற்றில் எதையெல்லாம் கையோடு எடுத்துப் போக முடியும்? கிளம்ப வேண்டிய நாள் வரத்தான் செய்கிறது. ஜியோசிட்டீஸ் என்ற இலவசத் தளத்தை 2009-ல் மூடினார்கள், போஸ்டரஸை 2013-ல். 2003-ல் தொடங்கிய டைப்பேட், 2025 செப்டம்பர் 30-ம் தேதியோடு நின்றுபோனது. அது இலவசத் தளம்கூட இல்லை, மாதாமாதம் காசு கட்டி எழுதியவர்களுக்கே மூட்டை கட்ட ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் கூடத்தான் அவகாசம் கிடைத்தது.

சரி, நீங்கள் கேட்ட பெயர்களுக்கு வருகிறேன். பிளாக்கர் 1999-ல் பிறந்தது, 2003-ல் கூகுள் வாங்கியது. இலவசம். சொந்தமாக ஒரு டொமைன், அதாவது உங்களுக்கே உரிய இணைய முகவரிப் பெயர், வாங்கி அதில் இணைத்துக்கொள்ளலாம், அதற்கும் பிளாக்கர் காசு கேட்பதில்லை. ஆனால் உங்கள் கூகுள் கணக்கு முடங்கினால் வலைப்பூவும் சேர்ந்து முடங்கும், அதனால் இன்னொரு மின்னஞ்சலையும் அட்மினாகச் சேர்த்துவிடுங்கள். வேர்ட்பிரஸ் என்பதில் இரண்டு இருக்கிறது, இங்கேதான் பாதிப் பேர் குழம்புகிறார்கள். ‘டாட் காம்’ என்பது ஒரு நிறுவனம் நடத்தும் சேவை, கணக்கு திறந்ததும் எழுதலாம், இலவசத் திட்டத்தில் அவர்கள் விளம்பரம் வரும், சொந்த டொமைன் வேண்டுமென்றால் கட்டணம். ‘டாட் ஆர்க்’கில் கிடைப்பது மென்பொருள் மட்டும். ஹோஸ்டிங் (தளம் ஓட சர்வரில் இடம் பிடிப்பது), அப்டேட், பேக்அப், நடுராத்திரியில் ஏதோ ஒரு ப்ளகின் (கூடுதல் வசதிக்கான துணை மென்பொருள்) படுத்துக்கொண்டால் அதை எழுப்புவது எல்லாம் உங்கள் பாடு. சப்ஸ்டாக் 2017-ல் வந்தது, எழுதுவது நேராக வாசகரின் மின்னஞ்சலுக்குப் போகும், சந்தாதாரர் பட்டியலை நீங்கள் இறக்கிக்கொள்ளலாம், அது பெரிய விஷயம். கட்டணச் சந்தா வைத்தால் அவர்களுக்குப் பத்து சதவீதம், அதுபோகப் பணப் பரிமாற்றக் கட்டணம் தனி. அந்தப் பணமும் ஸ்ட்ரைப் என்ற பணப் பரிமாற்றச் சேவை வழியாகத்தான் வரும், உங்கள் நாட்டில் அந்தக் கணக்கைத் திறக்க முடிகிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் கனவு காணுங்கள். நீங்கள் கேட்காத இரண்டையும் சொல்லிவிடுகிறேன். கோஸ்ட் என்ற தளம் சந்தாவில் பங்கு கேட்பதில்லை, ஆனால் மாதக் கட்டணம் உண்டு, இல்லையென்றால் நீங்களே சர்வரில் நிறுவ வேண்டும். மீடியம் பார்க்க அழகு. அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் அங்கே படிக்க வருகிறவர் மீடியத்தின் வாசகர், மறுநாள் உங்கள் பெயர்கூட அவர் ஞாபகத்தில் இருக்காது.

உங்களுக்கு என் யோசனை: சொந்த டொமைன் ஒன்று, அதன் பின்னால் பிளாக்கர். டொமைன் உங்களுடையதாக இருந்தால் நாளைக்குப் பின்னால் இருக்கும் தளத்தை மாற்றினாலும் வாசகர் அதே முகவரிக்குத்தான் வருவார்.

அதற்கு முன்னால் முகநூலில் இருக்கும் ஆறு வருடத்தை இறக்குங்கள். தகவல்களைத் தரவிறக்கும்போது எச்.டி.எம்.எல்., ஜேசன் என்று இரண்டு வடிவம் கேட்கும். எச்.டி.எம்.எல். எடுங்கள். ஜேசன் கோப்பில் ஒவ்வொரு தமிழ் எழுத்தும் மூன்று துண்டாக உடைந்து குறியீடாகக் கிடக்கும். ஒட்டவைக்க வழி உண்டு, அதற்கு நிரல் எழுதத் தெரிந்த ஒரு நண்பரைப் பிடிக்க வேண்டும்.

கேள்வி: பிளாக்கரில் என் கட்டுரைகளின் முகவரி எல்லாமே ‘பிளாக்-போஸ்ட்_17’, ‘பிளாக்-போஸ்ட்_23’ என்றே வருகிறது. தலைப்பு வரவே இல்லை. ஏன்?

பதில்: நீங்கள் தலைப்பைத் தமிழில் வைக்கிறீர்கள், அதுதான் காரணம். பிளாக்கர் தலைப்பிலிருந்து ஆங்கில எழுத்துகளையும் எண்களையும் மட்டும் பொறுக்கி முகவரி செய்யும், முழுத் தமிழ்த் தலைப்பில் பொறுக்க ஒன்றும் இருக்காது, உடனே ‘பிளாக்-போஸ்ட்’ என்று போட்டுவிட்டுப் போய்விடும். வெளியிடுவதற்கு முன் வலப்பக்கம் ‘பெர்மாலிங்க்’ என்ற இடத்தைத் திறந்து, கட்டுரை எதைப் பற்றியதோ அதை ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று சொல்லாக நீங்களே அடித்துவிடுங்கள். ஏற்கெனவே வெளியானவற்றைத் தொடாதீர்கள், முகவரியை மாற்றினால் யாரோ எங்கோ பகிர்ந்த சுட்டியெல்லாம் செத்துவிடும்.

வேர்ட்பிரஸில் கதை தலைகீழ். அது தமிழை அப்படியே முகவரியில் ஏற்றிக்கொள்ளும், ஆனால் உள்ளே ஒவ்வொரு தமிழ்க் குறியும் ஒன்பது எழுத்து இடத்தைத் தின்னும். முகவரிக்கு இருப்பதே 200 எழுத்து. கணக்குப் போட்டால் இருபத்திரண்டு குறிதான் தேறும், அதிலும் ‘கொ’ என்பது ‘க’ ஒன்று, அதன் உயிர்க்குறி ஒன்று என இரண்டு குறி. நீளமான தலைப்பு பாதியில் அறுந்து நிற்கும். பகிரும்போது பெரும்பாலும் சதவீதக் குறிகளாக ஒரு முழத்துக்கு வரும், பார்ப்பவர் ஏதோ வைரஸ் என்று நினைத்துத் தொடமாட்டார்.

கேள்வி: ஒரே கட்டுரையை என் வலைப்பூ, மீடியம், முகநூல் மூன்றிலும் போடலாமா? கூகுள் தண்டிக்கும் என்கிறார்களே?

பதில்: போடலாம். தண்டனை எல்லாம் இல்லை, ஒரே கட்டுரையின் பல பிரதிகளில் ஒன்றைத்தான் கூகுள் காட்டும், அது உங்கள் வலைப்பூவாக இருக்க வேண்டும் என்பதுதான் பிரச்சினை. முதலில் சொந்த இடத்தில் வெளியிடுங்கள். சில நாள் கழித்து மீடியத்தின் ‘இம்போர்ட்’ வழியாகக் கொண்டுபோங்கள், மூலம் எது என்ற குறிப்பு பக்கத்துக்குள்ளே தானாகச் சேரும். வெட்டி ஒட்டினால் சேராது. முகநூலில் வெறும் சுட்டியைப் போட்டால் யார் அழுத்தப் போகிறார்கள்? கட்டுரையின் சுவையான இரண்டு பத்தியை அங்கேயே கொடுங்கள், மிச்சத்துக்கு வரட்டும்.

கேள்வி: பழைய வலைப்பூவிலிருந்து எல்லாவற்றையும் வேர்ட்பிரஸுக்கு மாற்றிவிட்டேன். படங்கள்கூட ஒழுங்காகத் தெரிகின்றன. பழையதை அழித்துவிடலாமா?

பதில்: கையை எடுங்கள்! இதில் நான் சூடு பட்டவன். ஓர் இலவசத் தளத்தில் நான்கு வருடம் எழுதியதை இப்படித்தான் மாற்றினேன். எக்ஸ்போர்ட், இம்போர்ட், பத்து நிமிட வேலை. புதிய இடத்தில் எழுத்து, படம், பின்னூட்டம் எல்லாம் கச்சிதமாக இருந்தது, பழையதை அன்று இரவே அழித்தேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் படம் இருந்த இடமெல்லாம் காலிக் கட்டம். எக்ஸ்போர்ட் கோப்பில் எழுத்துதான் இருந்தது, படத்துக்குப் பதிலாகப் பழைய சர்வரின் முகவரி மட்டும். அதுவரை தெரிந்த படங்கள் எல்லாம் பழைய வீட்டிலிருந்தே வந்துகொண்டிருந்திருக்கின்றன. பழைய வலைப்பக்கங்களைச் சேமித்துவைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் ஒவ்வொரு பக்கமாகத் தேடிப் பாதியை மீட்டேன். மீதி போனது போனதுதான், அதில் என் தாத்தா படத்தின் ஒரே ஸ்கேன் பிரதியும் ஒன்று.

நீங்கள் செய்ய வேண்டியது, புதிய தளத்தில் ஏதாவது ஒரு படத்தின் மேல் வலது கிளிக் செய்து அதன் முகவரியைப் பாருங்கள். பழைய தளத்தின் பெயர் இருந்தால் படம் இன்னும் குடிபெயரவில்லை என்று அர்த்தம். இம்போர்ட் செய்யும்போது இணைப்புக் கோப்புகளையும் தரவிறக்கு என்று ஒரு சின்னப் பெட்டி வரும், அதை டிக் செய்து மறுபடி ஓட்டுங்கள், பழைய தளம் உயிரோடு இருக்கும்வரைதான் அது நடக்கும்.

கேள்வி: எந்த டெம்ப்ளேட் நல்லது?

பதில்: போனில் கண்ணைச் சுருக்காமல் படிக்க முடிகிற எதுவும்.

கேள்வி: டொமைன் பெயரைத் தமிழிலேயே வாங்கலாமா? வாங்கிய பிறகு கவனிக்க வேண்டியது என்ன?

பதில்: தமிழில் கிடைக்கிறது, ஆசையாகவும் இருக்கும். ஆனால் நகலெடுத்து ஒட்டும்போது பல இடங்களில் புரியாத ஆங்கில எழுத்துக் கோவையாக மாறிவிடும், சொல்லிக் கொடுத்தாலும் தமிழ்த் தட்டச்சு இல்லாதவர் அடிக்க முடியாது. சின்ன ஆங்கிலப் பெயரே போதும், தமிழ்ப் பெயரை வலைப்பூவின் தலையில் பெரிதாக எழுதிக்கொள்ளுங்கள். வாங்கும்போது தானாகப் புதுப்பிக்கும் வசதியைப் போட்டுவிடுங்கள், கார்டு காலாவதியானால் அதுவும் உதவாது, மறக்க வேண்டாம். நினைவூட்டல் போகிற மின்னஞ்சல் நீங்கள் தினமும் திறக்கிற ஒன்றாக இருக்கட்டும். அந்த டொமைனிலேயே உருவாக்கிய முகவரியை மட்டும் கொடுத்துவிடாதீர்கள், டொமைன் போகிற அன்று அந்தப் பெட்டியும் சேர்ந்து மூடிக்கொள்ளும்.