வீடு பார்க்க அம்மாவைக் கூட்டிப் போனீர்களா?

கேள்வி: நகரத்துக்குள் வாடகை கட்டுப்படியாகவில்லை. புறநகரில் அமைதியான தெருவில் ஒரு அபார்ட்மெண்ட் பார்த்திருக்கிறோம். வாடகை இப்போது கொடுப்பதில் பாதிதான். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. கூட இருக்கும் அம்மா எப்படியும் அதிகம் வெளியே போகிறவர் இல்லை என்பதால் அது பிரச்சினை இல்லை. எனக்கும் மனைவிக்கும் அலுவலகம் போக ஒன்றரை மணி நேரம் ஆகும். முன்பணம் கொடுத்துவிடலாமா, அலைச்சலை நினைத்து விட்டுவிடலாமா?

பதில்: அலைச்சல் பற்றி நிறையப் பேர் எழுதுகிறார்கள். அது கணக்குப் போட்டால் தெரிந்துவிடும். போக வர மூன்று மணி நேரம், மாதம் 22 வேலை நாள் என்றால் ஆளுக்கு 66 மணி நேரம் பயணத்திலேயே போய்விடும். மிச்சமாகும் வாடகையில் இரண்டு பேரின் பயணச் செலவைக் கழியுங்கள். மீதிப் பணம் அந்த 66 மணி நேரத்துக்கு ஈடா என்று நீங்களும் மனைவியும் பேசி முடிவு செய்யுங்கள். தெம்பு இருக்கிற வயது, சமாளிப்பீர்கள்.

எனக்கு உறுத்துவது வேறு. 'அம்மா எப்படியும் அதிகம் வெளியே போகிறவர் இல்லை' என்று ஒரே வரியில் அவரைத் தாண்டிப் போய்விட்டீர்கள். இதை அம்மா சொன்னாரா, நீங்களாகவே முடிவு செய்தீர்களா? காலையில் கிளம்பி இரவில் திரும்பும் உங்களுக்கு, பகலில் அவர் வாசலில் நின்று யாரிடம் பேசுகிறார், எந்தக் கடைக்குப் போய் வருகிறார் என்பது எப்படித் தெரியும்? வெளியே அதிகம் போகாதவர் வேறு, போக வழியே இல்லாதவர் வேறு.

மூன்றாவது மாடி என்றால் ஐம்பது படியாவது இருக்கும். படி இறங்கும்போது முழங்காலில் விழும் சுமை உடல் எடையைப் போல மூன்று மடங்குக்கும் மேல். ஒரு மாதம் போனால் அவரே, 'எதுக்குப்பா வீணா இறங்கி ஏறணும்?' என்பார். நீங்களும் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்வீர்கள். நீங்கள் ஆசைப்படும் அமைதியில் தினமும் பன்னிரண்டு மணி நேரம் தனியாக உட்கார்ந்திருக்கப் போவது அவர்தான். திடீரென்று நெஞ்சு வலித்தால் யார் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள்? நீங்கள் வந்து சேரவே ஒன்றரை மணி நேரம் ஆகுமே, தம்பி.

இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. பெற்றவளைக் கூட வைத்திருக்கிற மகன் வீடு தேடும்போது முதலில் அவள் காலைத்தான் நினைக்க வேண்டும். அவளை வீட்டுக்குள் முடக்கித்தான் வாடகையில் மிச்சம் பிடிக்க முடியும் என்றால் அந்த மிச்சம் வேண்டாம்.

சரி, புறநகரே கூடாதா? தாராளமாகப் போங்கள். அதே பகுதியில் தரைத்தளத்திலோ லிஃப்ட் உள்ள கட்டடத்திலோ தேடுங்கள். வாடகை கொஞ்சம் கூடினால் கூடட்டும். நடக்கும் தூரத்தில் டாக்டரும் மருந்துக் கடையும் இருக்க வேண்டும். தரைத்தளம் என்றால் மழைக்குத் தண்ணீர் நிற்குமா என்று வீட்டுக்காரரிடம் கேட்டுப் பயனில்லை, அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்களிடம் கேளுங்கள். காலி செய்ய எத்தனை மாதம் முன்னால் சொல்ல வேண்டும், முன்பணத்தில் எதற்கெல்லாம் பிடிப்பார்கள், பராமரிப்புக் கட்டணம் வாடகையில் சேர்ந்ததா தனியா என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கட்டும்.

அப்புறம், அடுத்து பார்க்கும் வீட்டுக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், வேலை நாளில் மதிய நேரத்தில் போங்கள். அவர் இருக்கப் போகிற நேரத்தில் அந்தத் தெரு எப்படி இருக்கிறது என்று அவரே பார்க்கட்டும். அவர் பதில் சொல்கிற வரைக்கும் யாருக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள்.