கட்டுரை எழுதித் தர ஆள் அமர்த்தலாமா?

கேள்வி: தனியார் பள்ளியில் ஆசிரியையாகப் பணிபுரிந்துகொண்டே பகுதிநேரமாக வரலாற்றில் முனைவர் பட்ட ஆய்வு செய்து வருகிறேன். மயிலாடும்பாறை அகழாய்வு பற்றி ஆங்கிலத்தில் எட்டுப் பக்கக் கட்டுரை ஒன்றை அளிக்க வேண்டியுள்ளது. அடிக்குறிப்புகளோடு முறையாக எழுதித் தருவதாக ஒருவர் கூறுகிறார். பணம் கொடுத்து எழுதி வாங்கலாமா?
- வாசகி, கிருஷ்ணகிரி

பதில்: கூடாது, சகோதரி. பிறருடைய உழைப்பையோ கருத்தையோ தம்முடையதாகக் காட்டுவதே கருத்துத் திருட்டு என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகள் வரையறுக்கின்றன. பணம் கொடுத்துவிட்டதால் அந்த உழைப்பு உங்களுடையது ஆகிவிடாது. பிற எழுத்துகளோடு உள்ள ஒப்புமை 10 விழுக்காட்டுக்குள் இருந்தால் சிக்கல் இல்லை என்று எழுதித் தருபவர் தைரியம் சொல்லக்கூடும். அந்த அளவு மென்பொருள் கண்டறியும் சொல் ஒற்றுமையைப் பற்றியது. எழுதியவர் யார் என்பதைப் பற்றியது அன்று.

அடிக்குறிப்புகளுக்கு வருவோம். மயிலாடும்பாறையில் இரும்பின் காலம் கி.மு. 2172 வரை செல்கிறது என்று 2022 மே மாதம் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நாளிதழ்களும் அதைப் பெரிதாக வெளியிட்டன. அவசரத்தில் எழுதுபவர் ஒரு நாளிதழைச் சான்றாகக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். ஆனால் காலக்கணிப்புக்கு அனுப்பிய மாதிரி எந்தக் குழியில், எவ்வளவு ஆழத்தில், எந்தப் பொருள்களோடு கிடைத்தது என்பதைத் தொல்லியல் துறையின் அறிக்கையில் தேடிப் படித்து, பக்க எண்ணோடு குறிப்பிடுவதுதான் ஆய்வாளரின் வேலை. வாய்மொழித் தேர்வில் உங்களிடம் கேட்கப்போவதும் இதைத்தான். அகழாய்வு நடந்த இடம் உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. ஒரு விடுமுறை நாளில் நேரில் போய்ப் பார்த்து நீங்கள் எழுதும் குறிப்பு, எங்கிருந்தோ எழுதித் தருபவரிடம் இருக்காது.

ஆங்கிலம்தான் தடையென்றால், கட்டுரையை முதலில் நீங்களே தமிழில் முழுமையாக எழுதுங்கள். நெறியாளரிடம் சொல்லிவிட்டு, மொழிபெயர்க்கவோ மொழிநடையைத் திருத்தவோ மட்டும் ஒருவரை அமர்த்தலாம். அவர் பெயரை நன்றியுரையில் குறிப்பிட்டுவிடுங்கள். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலியை முன்னதாகவே பேசிக்கொள்வதோடு, வாதத்தை மாற்றவோ புதிய சான்றைச் சேர்க்கவோ கூடாது என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இது மிகவும் முக்கியம். ஏனெனில் இல்லாத நூலையும் இல்லாத இதழையும் நம்பும்படியாக எழுதித் தரும் கருவிகள் இப்போது எல்லோர் கையிலும் இருக்கின்றன. வேலை முடிந்து வந்ததும் ஒவ்வொரு அடிக்குறிப்பையும் மூல நூலைத் திறந்து வைத்து ஒப்பிடுங்கள். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சோத்கங்கா (Shodhganga) என்ற இணையதளத்தில் கட்டணமின்றிப் படிக்கலாம். நீங்களே கண்ணால் பார்க்காத பக்கம் எதுவும் அந்தக் கட்டுரையில் இடம்பெற வேண்டாம்.